கழுத்துத் தமனியில் அரை மில்லிமீட்டர்

முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கும் பிரஷர் 150/90 என்று வைத்துக்கொள்வோம். கையில் சுற்றிய பட்டைக்கு இருவரும் ஒன்றுதான். உள்ளே ரத்தம் எவ்வளவு அழுத்துகிறது என்று அது சொல்லும். அந்த அழுத்தத்துக்குத் தமனிச் சுவர் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று சொல்லாது. அதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அளக்கலாம். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கைப் பெருந்தமனி விரிந்து வாங்கிக்கொண்டு, அடுத்த துடிப்பு வருவதற்குள் மெல்ல அனுப்பிவைக்கிறது. அது விறைத்துவிட்டால் மேல் எண் எகிறும், கீழ் எண் இறங்கும். வயதானவர்களிடம் 170/75 போன்ற ரீடிங் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பள்ளிக்கூட டவுசர் இடுப்பில் வைத்துத் தைக்கும் எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். முதலில் ரப்பர் சுலபமாக நீளும். ஓர் அளவுக்கு மேல் நூல் இறுகிக்கொண்டு, எவ்வளவு இழுத்தாலும் வராது. தமனிச் சுவரில் ரப்பரின் வேலையை எலாஸ்டின் என்ற புரதமும், நூலின் வேலையைக் கொலாஜன் என்ற புரதமும் செய்கின்றன. ரத்த அழுத்தக்காரர்களிடம் விறைப்பை அளப்பதில் உள்ள பெரிய தலைவலியும் இதுவே. அழுத்தம் கூடினாலே கொலாஜன் இறுகும். சுவரில் பெரிய கோளாறு இல்லாதவருக்கும் அன்றைக்குப் பிரஷர் ஏறியிருந்தால் தமனி விறைப்பாகத்தான் தெரியும்.

சரி, எப்படி அளக்கிறார்கள்? காபி, சிகரெட் எதுவும் இல்லாமல் வரச்சொல்லி, சிறிது நேரம் பேசாமல் படுக்கவைப்பார்கள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஜெல் தடவி, கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியின் நீளவாக்கில் ஸ்கேன் கருவியின் புரோபை வைப்பார்கள். தோலுக்குச் சற்று கீழேயே ஓடும் தமனி அது. பெருந்தமனியைப் போலவே எலாஸ்டின் நிறைந்ததும்கூட. புரோபை அமுக்கிப் பிடித்தால் தமனி நசுங்கி, கணக்கே தப்பிவிடும். திரையில் கறுப்புக் குழல் தெரியும். அதன் அடிச்சுவரில் இணையாக இரண்டு வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று வந்தால், ஒலிக்கற்றை சுவரில் செங்குத்தாக விழுகிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

தமனியின் விட்டம் ஆறேழு மில்லிமீட்டர். துடிப்பில் அது விரிவது அரை மில்லிமீட்டர் போல. விறைத்த தமனியில் இன்னும் குறைவு. 7.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே உடலுக்குள் சுமார் 0.2 மில்லிமீட்டர். வெறும் படத்தை வைத்து இவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியாது. அதனால் படமாக மாறுவதற்கு முந்தைய எதிரொலி அலையையே எடுத்துக்கொண்டு, சுவர் நகர நகர அதன் கட்டம், அதாவது மேடுபள்ளங்களின் இடம், எவ்வளவு தள்ளிப்போகிறது என்று கணினி பின்தொடர்கிறது. அப்போது மைக்ரோமீட்டர் கணக்கில் அசைவு பிடிபடும்.

அப்புறம் வகுத்தல் கணக்கு. மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை (natural log), விட்டம் எத்தனை பங்கு கூடியது என்பதால் வகுத்தால் பீட்டா குறியீடு வரும். அது கூடினால் விறைப்பும் கூடுதல். 120/80 அழுத்தத்தில் 6 மி.மீ. தமனி 6.6 ஆனால் பீட்டா சுமார் 4. 150/90-இல் 6.5 மி.மீ. தமனி 6.8 வரைதான் விரிந்தால் சுமார் 11. மடக்கை எடுப்பது, அழுத்தத்தின் குறுக்கீட்டைக் குறைக்கத்தான், முழுக்கப் போய்விடாது. இன்னொரு ஓட்டையும் உண்டு. விட்டம் கழுத்தில், அழுத்தம் கையில்! மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி, குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்தைவிடக் கையில் அதிகம். அதனால் அவர்களுடைய தமனி உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும்.

இந்தக் கடன் வாங்கிய அழுத்தம் வேண்டாமென்றால் அலையின் வேகத்தை அளக்கலாம். சுவர் விறைக்க விறைக்க நாடித்துடிப்பின் அலை வேகமாக ஓடும் என்பதற்கு மோயன்ஸ், கோர்டெவெக் என்ற இரு டச்சுக்காரர்கள் 1878-லேயே சமன்பாடு தந்துவிட்டார்கள். ஈசிஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கழுத்துக்கும் தொடை இடுக்குக்கும் அலை வந்துசேரும் நேரத்தை, ரத்த ஓட்டத்தை ஒலியால் அளக்கும் டாப்ளரில் குறிக்கிறார்கள். இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அதில் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 44 செ.மீ.யை 44 மில்லிநொடியில் கடந்தால் நொடிக்கு 10 மீட்டர். 2013-இல் வந்த ஐரோப்பிய ரத்த அழுத்த வழிகாட்டுதல் இதற்கு மேல் போனால் கவனிக்கச் சொன்னது.

சென்னை ஐஐடியில் உருவான ஆர்ட்சென்ஸ் கருவி படத்தையே விட்டுவிட்டது. ஒற்றை ஒலிக்கற்றையின் எதிரொலியிலேயே சுவர்களைத் தானே கண்டுபிடித்து அளக்கிறது. ஸ்கேன் நிபுணர் இல்லாத இடத்திலும் பயன்படவேண்டும் என்பது நோக்கம்.

மாத்திரை சாப்பிட்டு மாதங்கள் கழித்து அளந்தால் விறைப்பு எண் பெரும்பாலும் குறைந்திருக்கும். சுவர் தேறியதா, அழுத்தம் மட்டும் இறங்கியதா? ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு துடிப்புக்குள் அழுத்தம் ஏறி இறங்க விட்டம் மாறுவதை வளைகோடாக வரைகிறார்கள். சிகிச்சைக்கு முந்தைய கோட்டையும் பிந்தைய கோட்டையும் 100 மி.மீ. பாதரசம் போன்ற ஒரே அழுத்தத்தில் ஒப்பிடுகிறார்கள். அங்கேயும் தமனி முன்னைவிட நன்றாக நெகிழ்ந்தால்தான், சுவர் தேறியிருக்கிறது என்கிறார்கள்.