மெமரி கார்டை ஃபார்மட் செய்யும் முன் எடிட்டிங் டைம்லைனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

ஒரு ஆவணி முகூர்த்தம் முடிந்த வாரம், பெங்களூரு அல்சூரில் என் எடிட்டிங் அறைக்கு ஒரு தம்பி ஓடிவந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். கையில் பென் டிரைவ்.

"அண்ணா, பாதி ஃபைல் இம்போர்ட்டே ஆக மாட்டேங்குது. ஆகுறதும் நடுவுல வெட்டுது."

திறந்து பார்த்தேன். பதினாறு எம்டிஎஸ் வீடியோ ஃபைல்கள் தனித்தனியாகக் கிடந்தன. "மத்த ஃபோல்டர்லாம் எங்கப்பா?"

"அதுல எல்லாம் சின்னச் சின்ன ஃபைலா இருந்துச்சுண்ணா. வீடியோவை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

"கார்டு?"

"மறுநாள் ஓசூர்ல ரிசப்ஷன். ஃபார்மட் பண்ணிட்டேன்."

இந்தக் கடைசி பதிலை வருடத்துக்கு நாலைந்து முறையாவது கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது.

கேம்கார்டர்களில் இன்றும் புழங்கும் ஏவிசிஎச்டி என்ற பதிவு முறை 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்தது. படம் ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டருக்குள் எம்டிஎஸ் துண்டுகளாகப் பதிவாகும். நொடிக்கு 24 மெகாபிட் வேகத்தில், 2 ஜிபிக்கு ஒரு துண்டு போடும் கேமராவாக இருந்தால், சுமார் 11 நிமிடத்துக்கு ஒரு துண்டு விழும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற கணக்கு பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபைல்களில்தான் இருக்கிறது. தம்பி விட்டுவிட்டு வந்தது அந்தக் கணக்கைத்தான். அது இல்லாவிட்டால் சில சாஃப்ட்வேர்கள் துண்டை ஏற்கவே மறுக்கும். வேறு சில ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு ஒட்டிலும் ஒலியைத் தவறவிடும்.

அவருடைய ஏழாவது துண்டுக்கும் எட்டாவதுக்கும் நடுவே விழுந்த ஒட்டு, சரியாகக் கெட்டி மேளத்தில். மாப்பிள்ளை கை தாலியோடு கழுத்தருகே போகிறது, "கெட்டி மேளம்" என்ற குரல் கேட்கிறது, நாதஸ்வரம் ஏறும் இடத்தில் ஒலி அறுந்து படம் துள்ளுகிறது. ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த நொடியை மறுபடி எடுக்க யாராலும் முடியாது.

எம்டிஎஸ் ஃபைலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒன்றின் வாலில் மற்றொன்றின் தலையை அப்படியே ஒட்டலாம். விண்டோஸின் காப்பி கட்டளையை பைனரி முறையில் ஓட்டி, வரிசை மாறாமல் துண்டுகளைச் சேர்த்தேன். மேளம் அறுபடாமல் வந்தது. பதினாறில் ஒரு துண்டு காப்பியாகாமல் போயிருந்தால் இதுவும் நடந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன்: பெரிய ஃபைல்களைப் பொறுக்கி எடுக்காதீர்கள், கார்டு முழுவதையும் அதே ஃபோல்டர் அமைப்போடு காப்பி செய்யுங்கள். எந்தப் பெயரையும் மாற்றாதீர்கள். கம்ப்யூட்டர் "டிஸ்கைச் சரிசெய்யவா", "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டை வெளியே எடுத்து அதன் ஓரத்தில் இருக்கும் லாக்கைத் தள்ளுங்கள். கேமராவில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் படம் பத்திரமாக இருக்கிறது. கார்டு ரீடரை மாற்றிப் பாருங்கள். 64 ஜிபி கார்டைப் படிக்கத் தெரியாத பழைய ரீடர்கள் இன்னும் பல ஸ்டுடியோ மேஜைகளில் கிடக்கின்றன.

முழுசாகக் காப்பி செய்தும், விஎல்சி பிளேயரில் ஓடியும், எடிட்டிங்கில் மட்டும் ஏறாத ஃபைல்கள் வேறு ரகம். எம்பி4, எம்ஓவி என்பது வெறும் உறை. டிபன் கேரியரை வெளியே பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போடுங்கள், எந்த கோடெக் (படத்தைச் சுருக்கிய முறை), எத்தனை பிட் (நிற நுணுக்கம்) என்று சொல்லிவிடும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பல, நிற விவரம் கூடுதலாக இருக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிகின்றன. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு, விண்டோஸில் எச்.264 கோடெக்கில் பதிந்த அந்த வகைப் படத்தைத் திறக்காது; ஒலி மட்டும் வந்து நிற்கும். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264-ஐயே திறப்பதில்லை. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் எடிட்டிங்குக்கு ஏற்ற கோடெக்குகளான புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆக மாற்றிக்கொள்ளலாம். டிஸ்கில் இடம் வேண்டும்: நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் 1080 அளவுப் படம் ஒரு மணி நேரத்துக்கு, சாதாரண புரோரெஸ் 422-இல் சுமார் 66 ஜிபி ஆகும். மாற்றிய பிறகும் மூல ஃபைலை வைத்திருங்கள். இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வீட்டு விசேஷம். உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

உறவுக்காரர்கள் போனில் எடுத்தது இம்போர்ட் ஆகும், ஆனால் போகப் போகப் பேச்சும் உதடும் விலகும். போன்கள் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து மாற்றினால் சரியாகும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததை வாங்காமல், கேபிள் போட்டு மூலத்தை வாங்குங்கள்.

எங்கே வாங்கினாலும் புதுக் கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டுச் சோதித்த பிறகே மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள். 128 ஜிபி என்று அச்சடித்த போலிக் கார்டு, கொஞ்சம் நிரம்பியதும் எழுதுவதுபோல் காட்டி எதையும் சேமிக்காது.

பேட்டரி திடீரென்று நின்றதால் பதிவு சரியாக முடியாமல் போன எம்பி4 இன்னொரு சிக்கல். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, இப்படிப்பட்ட ஃபைலில் பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும்; அது இல்லாமல் எந்த சாஃப்ட்வேரும் திறக்காது. முதலில் கார்டை அதே கேமராவில் போட்டு ஆன் செய்யுங்கள். சில கேமராக்கள் தாமே சரிசெய்துவிடும். இல்லையென்றால் அன்ட்ரங்க் என்ற மென்பொருளால் மீட்க வாய்ப்புண்டு. அதற்கு மாதிரியாக ஒரு நல்ல ஃபைல் வேண்டும். என்னிடம் வரும்போது, அதே கேமராவில் அதே செட்டிங்கில் வேறொரு கார்டில் ஒரு நிமிடம் எதையாவது பதிந்து, அதையும் சேர்த்து எடுத்துவாருங்கள்.