ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மண்டை எலும்பு மெலிவு' என்று இருந்தால்

தலைவலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் மூளை நன்றாக இருக்கும். ரிப்போர்ட்டின் கடைசியில் மட்டும் 'மண்டை எலும்பு மெலிந்துள்ளது' என்று ஒரு வரி. இள வயதுக்காரர்கள் அதை இணையத்தில் தேடிவிட்டு, எலும்பே கரைந்துபோகும் நோய் வந்துவிட்டதாக நம்பி வருகிறார்கள். கதிரியக்க மருத்துவர்களான நாங்கள் அந்த வரியை இன்னும் கொஞ்சம் விளக்கி எழுதலாம்தான்.

மண்டை ஓடு எல்லா இடத்திலும் ஒரே கனம் கிடையாது. நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு இயல்பாகவே மெல்லியது. உச்சியின் நடுக்கோட்டை ஒட்டி, மூளைநீர் வடியும் சிறு முடிச்சுகள் உள்பக்கத்தில் குழி பதித்திருக்கும். இவை நோயில்லை.

மண்டை எலும்புக்கு வெளி ஓடு, உள் ஓடு, இடையில் பஞ்சு போன்ற எலும்பு என்று 3 அடுக்கு. எந்த அடுக்கு தேய்ந்திருக்கிறது என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். உச்சிக்கு இருபுறமும் வெளி ஓடும் நடு அடுக்கும் தேய்ந்து, உள் ஓடு மிஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் முதுமையில், அதிலும் பெண்களிடம் காணப்படுவது. இள வயதில் அப்படித் தெரிந்தால் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது. கடைசியில் சொன்னது கூடினால் எல்லோரும் கவனிப்பார்கள். குறைந்தால் பலர் கண்டுகொள்வதில்லை. எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாத ஒரு பிறவிக் கோளாறில் அது குறைவாகத்தான் இருக்கும்.

முன்பு சொன்ன இயல்பான குழிகளாக இல்லாமல் உள்பக்கம் அரித்திருந்தால் கதை வேறு. உள்ளேயிருந்து ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். நீர்க்கட்டியாக இருக்கலாம், மெல்ல வளரும் கட்டியாக இருக்கலாம். உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு வெளிப்படையான காரணம் இல்லாமலே மூளைநீர் அழுத்தம் ஏறுவதுண்டு. தலைவலி, குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் மங்கல், நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் 'உஸ் உஸ்' என்ற இரைச்சல் இருந்தால் கண் மருத்துவரிடம் விழித்திரையின் நரம்பைக் காட்டியாக வேண்டும். விட்டால் பார்வையே போகலாம். இந்த அழுத்தத்தில் மண்டையின் அடிப்பகுதி எலும்பு மெலிந்து ஓட்டை விழுவதும் உண்டு. அப்போது குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் போலச் சொட்டும். சளி என்று நினைத்து மாதக்கணக்கில் ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நீரைச் சிறு குப்பியில் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கான பரிசோதனைக்கு அனுப்பினால் மூளைநீரா என்று தெரிந்துவிடும். கசிவு நீடித்தால் மூளைக்காய்ச்சல் வரலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

உள்காதில் உடல் சமநிலையை உணரும் மேல் அரைவட்டக் குழாய்க்கு மேலே எலும்பு திறந்துபோவதை 1998-இல் அமெரிக்கக் காது மருத்துவர் லாயிட் மைனர் விவரித்தார். இவர்களில் சிலருக்குத் தன் கண்மணி உருளும் சத்தமே காதில் கேட்கும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்களோ என்று மறைக்காதீர்கள்; எங்களுக்கு அது நல்ல துப்பு.

சரி, அந்தக் 'கரையும் எலும்பு' நோய்? கோர்ஹாம், ஸ்டவுட் என்ற இரு மருத்துவர்கள் 1955-இல் எழுதியது. நிணநாளங்கள் பெருகி எலும்பு கரைகிறது. மண்டையிலும் வரலாம், ஆனால் மிக மிக அரிது. பட்டியலில் கடைசியாகத்தான் அதை யோசிப்போம்.

எல்லாவற்றுக்கும் முன் பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள், சின்ன வயதில் விழுந்து அடிபட்டபோது எடுத்ததாக இருந்தாலும் சரி. வளரும் வயதில் எலும்பின் கனமும் மாறும் என்பதால் ஒப்பிடுவதை எங்களிடம் விட்டுவிடுங்கள். வளர்ந்த பிறகு எடுத்த படத்திலும் இதே மெலிவு இதே அளவில் இருந்தால், அறிகுறியும் இல்லையென்றால், பெரும்பாலும் மேற்கொண்டு எதுவும் தேவைப்படாது.