இசட் டிரைவ் ராத்திரியில் எங்கே போகிறது?

“இசட் டிரைவில் இருக்கும் விற்பனைக் கோப்பை என் பைத்தான் நிரல் ஒழுங்காகப் படிக்கிறது. அதையே ராத்திரி தானாக ஓடும்படி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் கோப்பே இல்லை என்கிறது. ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இசட் என்பது வட்டு அல்ல, ஒரு கூப்பிடு பெயர். நீங்கள் லாகின் செய்யும்போது உங்கள் அமர்வுக்கு மட்டும் விண்டோஸ் அதை வைக்கிறது. ஷெட்யூலர் ராத்திரி நிரலை ஓட்டுவது வேறொரு அமர்வில். அங்கே அந்தப் பெயர் கிடையாது. அதனால் சர்வர் பெயர், பகிர்ந்த ஃபோல்டர் பெயர் என்று முழுப் பாதையையும் கொடுங்கள். அது இரண்டு பேக்ஸ்லாஷில் தொடங்கும். பைத்தானுக்கோ பேக்ஸ்லாஷ் சிறப்புக் குறி. அதன் பின்னால் சின்ன ‘என்’ வந்தால் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்கு முன்னால் ஓர் ‘ஆர்’ போட்டுவிட்டால் உள்ளதை உள்ளபடி படிக்கும். நிரல் எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு அந்த ஃபோல்டரில் அனுமதியும் வேண்டும். சரி, உங்கள் சிக்கல் அநேகமாக இதோடு தீர்ந்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கோப்பு தொலைவில் இருப்பதே பைத்தானுக்குத் தெரியாது. அது இயங்குதளத்திடம் கேட்கிறது. இயங்குதளம் எஸ்எம்பி என்ற நெறிமுறையில், 445-ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட வாசல் வழியாக, சர்வரிடம் கேட்கிறது. ஒவ்வொரு வரிக்கும் சர்வர் வரை போய்வந்தால் பெரிய கோப்பைப் படிக்க நேரம் பிடிக்கும். உங்கள் கணினியே ஒரு நகலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் வேறொருவர் கோப்பை மாற்றிவிட்டால்?

இதற்கு ‘ஆப்லாக்’ என்றொரு ஏற்பாடு உண்டு. பதிவேட்டு அறையில் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காதவரை பதிவேட்டை ஒரு எழுத்தரின் மேசைக்கே கொடுத்துவிடுகிறார். எழுத்தர் நிம்மதியாகப் புரட்டலாம், திருத்தங்களைத் தன் தாளில் சேர்த்து வைக்கலாம். இன்னொருவர் வந்து கேட்டதும் அறைக்காரர் அவரை “கொஞ்சம் இருங்கள்” என்று நிறுத்திவிட்டு, முதல் எழுத்தரிடம் ஆள் அனுப்புகிறார்: “தாளில் இருப்பதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள்.” பதில் வந்த பிறகுதான் இரண்டாமவர் கைக்குப் பதிவேடு. சர்வர் செய்வதும் அதையே. இரண்டாவது கணினியின் திறக்கும் கோரிக்கையை நிறுத்திவைத்து, முதல் கணினிக்கு ‘பிரேக்’ என்று ஒரு செய்தி அனுப்புகிறது. முதல் கணினி செயலிழந்து பதில் தராவிட்டால்? விண்டோஸ் சர்வர் வழக்கமாக 35 விநாடி பார்த்துவிட்டு மேலே போய்விடும். தனியாக இருக்கும்வரை முழு வேகம், ஆள் வந்தால் மட்டும் ஒழுங்கு: இவ்வளவு அழகான ஏற்பாடு கணினித் துறையில் கொஞ்சம்தான்.

இந்த எஸ்எம்பி நெறிமுறையை லினக்ஸ், யூனிக்ஸ் இயங்குதளங்களுக்கும் கொண்டுவந்தது சாம்பா என்ற மென்பொருள். 1991 கடைசியில், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதைத் தொடங்கினார். கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பார்த்துப் பார்த்தே மொழியைக் கற்றார். ஆய்வு மாணவருக்குத் தலைப்பைத் தாண்டி நோண்டிப் பார்க்க நேரமும் பணமும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நம் கல்லூரி ஆய்வகங்களிலும் அதற்கு இடம் வேண்டும்.

நீங்களும் பார்க்கலாம். வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் 445-ஆம் போர்ட்டை மட்டும் வடிகட்டிவிட்டு, ஒரே கோப்பை இரண்டு கணினிகளில் அடுத்தடுத்துத் திறந்து எழுதுங்கள். இணைப்பு மறையாக்கம் செய்யப்படாவிட்டால் அந்த ‘பிரேக்’ செய்தி கண்ணெதிரே ஓடும்.