யாரும் வாங்கிப் போகாத ரிப்போர்ட்

நோயியல் மருத்துவர்களான நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். எங்களிடம் வருவது ஒரு கண்ணாடி ஸ்லைடும், பெயரும் வயதும் தொந்தரவும் எழுதிய ஒரு தாளும்தான். கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து, புற்றாக மாறும் முன்பே மாற்றத்தைத் தேடும் பரிசோதனைதான் பாப் ஸ்மியர். அதோடு வரும் தாளில் பெரும்பாலும் 'வெள்ளைப்படுதல்' என்றோ 'மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு' என்றோ இருக்கும். எப்போதாவது 'தொந்தரவு எதுவுமில்லை' என்று இருந்தால் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இந்தப் பரிசோதனையே அந்தப் பெண்ணுக்காக வந்ததுதான்.

ரத்தப்போக்கோடு வருபவருக்கு ஸ்மியர் மட்டும் போதாது. கருப்பை வாயில் கட்டி கண்ணுக்கே தெரிந்தால் நேரே சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்ய வேண்டும். ரத்தமும் சீழும் மூடியிருக்கும் ஸ்லைடில் புற்றுச் செல்கள் சிக்காமல் போய், 'ஒன்றுமில்லை' என்றுகூட ரிப்போர்ட் வந்துவிடலாம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். பத்தில் ஏழு, அதன் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருபவை. தொற்று வந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தங்கிவிட்டால்தான் வம்பு. அப்போதும் அது புற்றாக மாறப் பொதுவாக 15, 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு அவகாசம் குறைவு.

அந்த அவகாசத்தைத்தான் நான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன். நல்ல செல் அகலமாக, மெல்லிய இதழ் போல, நடுவில் கரு என்ற ஒரு சின்னப் புள்ளியோடு இருக்கும். வைரஸ் புகுந்ததில் அந்தப் புள்ளி பெருத்துக் கருத்து, சுற்றிலும் வெளிறிய வளையம் விழுந்திருக்கும். மாற்றம் முற்றினால் செல்லே சிறுத்துப்போய், கருதான் அதை அடைத்துக்கொண்டு நிற்கும். அதுவும் இன்னும் புற்றுநோய் அல்ல. அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துவிடலாம். கருப்பை அப்படியே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் 38 வயதுப் பெண் ஒருவரின் ஸ்லைடில் இப்படித் தீவிர மாற்றம் என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு ஆண்டு கழித்து அதே பெயர் பயாப்ஸித் தாளில் வந்தது. புற்று உள்ளே இறங்கியிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ரிப்போர்ட்டை யாரும் வாங்கிப் போகவே இல்லை. அவருக்கு யாரும் போன் செய்யவும் இல்லை. 'ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்' என்று அவர் இருந்திருப்பார்.

பரிசோதனை மட்டும் யாரையும் காப்பாற்றாது என்று நான் சொல்வது இதனால்தான். 1960களில் பின்லாந்து, பெண்களைக் கடிதம் போட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூப்பிட ஆரம்பித்தது; மாற்றம் இருந்தவர்களை விடாமல் சிகிச்சைக்கு வரவழைத்தது. காலப்போக்கில் இந்த நோய் அங்கே ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. அதே பாப் ஸ்மியர்தான்!

ஒரு ஸ்மியர் எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதும் உண்மை. நோய் மெதுவாக வளர்வதால், இந்த முறை தப்பியது அடுத்த முறை சிக்கும். வைரஸையே தேடும் எச்.பி.வி. பரிசோதனை இன்னும் நுட்பமானது. இந்தியாவில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து, 2009இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை அதைச் செய்த குழுவில் எட்டு ஆண்டுகளில் இந்த நோயால் இறப்பு, பரிசோதனைக்கு அழைக்கப்படாத குழுவில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். இந்த எச்.பி.வி. பரிசோதனை 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.

அப்புறம், ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சேதி வரவில்லை என்றால் நல்ல சேதி என்று அர்த்தமில்லை.

தீவிர மாற்றம் என்று எழுதும் ரிப்போர்ட்டுகளின் நகலை இப்போது என் மேஜையிலேயே வைத்துக்கொள்கிறேன். வாங்கினார்களா என்று பத்து நாளில் விசாரிப்பேன். போன வாரம் அப்படித் தேடிப் பிடித்த ஒருவரின் சதைத் துண்டு வந்தது. ஓரங்கள் சுத்தமாக இருந்தன; அங்கே மாறிய செல் எதுவும் இல்லை. நகலைக் கிழித்துப் போட்டேன்.