வசனம் தெரியும், வயிறு கேட்கவில்லை

போன ஆண்டு ஒரு அம்மா பத்தாம் வகுப்பு மகளை என்னிடம் கூட்டி வந்தார். நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இது வழக்கமாகப் பார்க்கிற கதைதான் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி, வாந்தி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

"பிலிப்பியர் நாலு ஆறு மனப்பாடமா சொல்லுவா மேடம். ஆனாலும் விசுவாசம் பத்தல" என்றார் அம்மா. கவலைப்படாதே என்று சொல்லும் பைபிள் வசனம் அது. பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. பென்சில் பவுச்சின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். அம்மாவை வெளியே அனுப்பிய பிறகு கேட்டாள்: "பயப்படுறது பாவம்னா, நான் தினமும் பாவம் செய்யுறேன் இல்லையா?"

பரீட்சைப் பயத்தோடு வந்தவளுக்குக் குற்றவுணர்ச்சியும் சேர்ந்துவிட்டது.

"ஒன்றுக்கும் கவலைப்படாமல்" என்ற அந்த வசனத்தைப் பல வீடுகளில் அதட்டலாகத்தான் சொல்கிறார்கள். அப்போஸ்தலர் பவுல் அதைக் கடிதமாக எழுதியது சிறையிலிருந்து, ஆறுதலாக. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், சாகக் கிடந்து பிழைத்த தன் உடன்ஊழியர் எப்பாப்பிரோதீத்துவை ஊருக்கு அனுப்பினால் தன் துக்கம் குறையும் என்கிறார். அவருக்கும் மனம் பதறியிருக்கிறது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தூதன் விசுவாசப் பாடம் எடுக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், பிறகு இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 1 இராஜாக்கள் 19ஐ வாசித்துவிட்டு வாங்க என்று பெற்றோரிடம் அடிக்கடி சொல்கிறேன்.

சரி, அந்த வீட்டில் நடந்தது என்ன? வயிறு வலித்ததும் லீவ் லெட்டர். அப்புறம் இருவரும் முன்னறையில் உட்கார்ந்து நீண்ட ஜெபம். பத்து மணிக்குள் வலி போய்விடும். ஜெபம் கேட்கப்பட்டது என்று அம்மா நினைத்தார். பள்ளி மணி அடித்துவிட்டதே, இனி போக வேண்டாமே என்றுதான் உடம்பு அடங்கியது. வீட்டிலிருந்தால்தான் தப்பிக்கலாம் என்று மூளை கற்றுக்கொண்டதால், அடுத்த திங்கள் பயம் இன்னும் பெரிதாக வந்தது. திட்டுவதைவிட இந்த அன்பான விட்டுக்கொடுத்தல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் இதை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஈலை லெபோவிட்ஸ் (Eli Lebowitz) குழுவினர் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். சிகிச்சைக்கு வருவது பிள்ளை இல்லை, பெற்றோர். 124 பிள்ளைகளை வைத்து நடந்த அவர்களுடைய ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இது குறைந்துபோகவில்லை. அதில் ஒரு முக்கியப் பகுதி, பெற்றோர் பிள்ளையிடம் சொல்லும் இரண்டே வாக்கியம். அம்மாவுக்கு அதை நம்ம ஊர்ப் பேச்சில் (இங்கே பிள்ளையைச் செல்லமாக 'மக்களே' என்போம்) எழுதிக் கொடுத்தேன்: "மக்களே, உனக்குப் பயமா இருக்குன்னு தெரியும். உன்னால தாங்க முடியும்னும் தெரியும்."

முதல் வாரம் பள்ளி கேட் வரை. அடுத்து நூலகத்தில் ஒரு மணி நேரம். அப்புறம் இரண்டு பீரியட். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை, கேட் முன்னால் சின்னதாகச் செய்யச் சொன்னேன். "பயத்தை எடுத்துப்போடும்" என்பதற்குப் பதில் "கூட வாரும்" என்று.

மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்லும் சபைகளும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. என்ற மிஷன் ஆஸ்பத்திரி பல பத்தாண்டுகளாகவே மனநோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து, ஜெபத்தோடு மருந்தும் கொடுத்து வருகிறது. பதற்றத்துக்கான மாத்திரைகள் பலவும் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ உபவாச ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே டாக்டரிடம் போங்கள். 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை வயிற்றுவலி முழுதாகப் போகவில்லை. கேட் பக்கம் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அம்மா ஒரு வரி ஜெபிக்கிறார். மகள் ஆமென் சொல்லிவிட்டு இறங்குகிறாள். சில நாள் திரும்பிப் பார்ப்பாளாம், சில நாள் பார்க்காமலே ஓடிவிடுவாளாம்.