நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடை, இரவு 11 மணி. அக்கா மகனின் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆடை கட்டிக் கிடந்தது. அவன் கண் மடிக்கணினியை விட்டு நகரவில்லை. காலையில் இறுதியாண்டு புராஜெக்டைக் காட்ட வேண்டும்: கார் எண் பலகையைப் படிக்கும், பைத்தான் மொழியில் எழுதிய நிரல். "நேத்து ஓடுச்சு மாமா. நான் ஒரு வரிகூட மாத்தல."

உண்மைதான். வரைபடம் போட மாலையில் ஒரு புது பேக்கேஜை (வேறு யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) நிறுவினான், அவ்வளவே. ஆனால் அது தனியாக வரவில்லை. தனக்கு நம்பை என்ற எண் கணக்கு பேக்கேஜின் 2-ஆம் பதிப்பு வேண்டுமென்று கேட்டு வாங்கி, ஏற்கெனவே இருந்த நம்பை 1.26-ஐ வெளியே தள்ளிவிட்டது. எண் பலகையைப் படிக்கும் பேக்கேஜோ அந்தப் பழைய நம்பையை நம்பிப் பிழைப்பது.

சரி, இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன? முடியாது. பேக்கேஜ்களை நிறுவித் தரும் கருவியான பிப், எல்லாவற்றையும் 'சைட் பேக்கேஜஸ்' என்ற ஒரே ஃபோல்டரில் போடுகிறது. நிரலில் 'இம்போர்ட் நம்பை' என்று எழுதினால், பைத்தான் சில ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும். நிரல் முடியும்வரை அந்தப் பெயருக்கு அது ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பிப்பின் வேலையைச் செய்யும் என்பிஎம், ஒரே பேக்கேஜின் பல பதிப்புகளை அருகருகே வாழ விடும். (அதன் 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டர் அப்படி வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.) பைத்தானில் அந்தச் சலுகை இல்லை.

எண் 1-லிருந்து 2-க்கு மாறினால் ஏன் உடைகிறது? பைத்தான் நிரல் நாம் படிக்கக்கூடிய எழுத்தாக இருந்தாலும், நம்பையை ஒட்டி வாழும் பல பேக்கேஜ்களின் அடியில் சி மொழியில் எழுதி முன்கூட்டியே தொகுத்த இயந்திரக் குறியீடு இருக்கிறது. "இத்தனையாவது பைட்டில் இன்னது இருக்கும்" என்ற கணக்கில் அது கைவிட்டு எடுக்கும். 2006-இல் 1.0 வந்த நம்பை, 2024 ஜூனில் வந்த 2.0-இல் அந்த உள்ளமைப்பை மாற்றியது. வீட்டில் அலமாரியை இடம் மாற்றிய பிறகு, இருட்டில் பழைய இடத்தைத் துழாவுகிற கதைதான். நல்லவேளை, 1-இல் தொகுத்தது 2-இல் ஓடாது என்று நம்பையே சொல்லிவிடுகிறது.

திரையை மேலே உருட்டிப் பார்த்தோம். மாலையிலேயே பிப் இந்த மோதலைச் சிவப்பு எழுத்தில் சொல்லியிருந்தது. ஆனால் அதற்கும் கீழே, கடைசி வரியாக, வெற்றிகரமாக நிறுவிவிட்டேன் என்று எழுதியிருந்தது! யாராக இருந்தாலும் கடைசி வரியைத்தான் நம்புவார்கள். இதில் பையன்மேல் எனக்குக் கோபமில்லை.

பிப்பின் பாடும் லேசானதல்ல. நம் வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் வேண்டும், ஆடி ஆகாது, பள்ளி விடுமுறையாக இருக்க வேண்டும், மண்டபம் கிடைக்க வேண்டும், ஜொகூர் சித்தப்பாவுக்கு ஷிப்ட் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் சின்ன நிபந்தனை, சேர்ந்தால் தலைவலி. 20 பேக்கேஜ்கள், ஒவ்வொன்றுக்கும் 10 பதிப்புகள் என்றால், சாத்தியமான சேர்க்கைகள் 1-க்குப் பின்னால் 20 பூஜ்யங்கள். எப்படிப்பட்ட சிக்கலையும் வேகமாக அவிழ்க்கும் வழி இதுவரை யாருக்கும் கிடைக்காத 'என்பி முழுமை' வகைக் கணக்கு இது. 2020-இல் வந்த 20.3 பதிப்பிலிருந்துதான் பிப், போன வழி முட்டினால் பின்வாங்கி வேறு வழி தேடுகிறது. அப்போதும் அந்தக் கட்டளையில் நாம் கேட்டவற்றுக்குத்தான் பொருத்தம் பார்க்கும். ஏற்கெனவே நிறுவிக் கிடப்பவை எல்லாவற்றையும் கலந்து ஆலோசிக்காது. அவன் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

வழி, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிக்குடித்தனம். 2012-இல் பைத்தான் 3.3-உடன் வந்த 'வென்வ்' அதைத்தான் செய்கிறது. பெரிய மாயம் எதுவும் இல்லை: புது ஃபோல்டர், அதற்குள் கிட்டத்தட்டக் காலியான ஒரு சைட் பேக்கேஜஸ், கூடவே பைத்தானுக்கு ஒரு இணைப்பு. 'ஆக்டிவேட்' செய்தால், கணினி கட்டளைகளைத் தேடும் வரிசையில் இந்த ஃபோல்டர் முதலிடத்துக்கு வரும். பைத்தானுக்கு வெளியே உள்ள மென்பொருள்களை அது பிரித்து வைக்காது. அதற்கு டாக்கர் போன்றவை இருக்கின்றன, இந்த இரவுக்கு அது அதிகம்.

புதிதாக ஒரு வென்வ் திறந்து, தேவையான பேக்கேஜ்களை இந்த முறை ஒரே கட்டளையில் கேட்டோம். பிப் கொஞ்சம் யோசித்து, வரைபட பேக்கேஜின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தது, நம்பை 1.26 திரும்பி வந்தது. நிரல் ஓடியது. உடனே 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, எல்லாப் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொன்னேன். கல்லூரிக் கணினியில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் இதே எண்கள் வந்து இறங்கும்.

ஆறிப்போன தே தாரிக்கை ஒரே மடக்கில் குடித்தான். "அப்போ அந்தப் பழைய சைட் பேக்கேஜஸை அழிச்சிடட்டா மாமா?"

"நாளைக்குக் காலை தாண்டட்டும். இப்போ எதையும் தொடாதே."