பேக்கப்: எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம்

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "ஆய்வுக்காக ஊர் முதியவர்களின் நேர்காணல்களைப் பதிவு செய்கிறேன். மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம். பேக்கப் எடுக்க எந்த முறை நல்லது?"

டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் இயங்குதளத்தைக் காப்பதற்கானது. நாமாகச் சொல்லாவிட்டால், நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைத் தொடாது. 1996இல் வந்த ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி மாறியவற்றை மட்டும் வேகமாக நகலெடுக்கும். ஆனால் இன்று தெரியாமல் கெடுத்த கோப்பு, இரவு நகலையும் கெடுத்துவிடும். பழைய நாட்களின் நிலையும் வேண்டுமே! அதற்கு என் தேர்வு போர்க் என்ற பேக்கப் மென்பொருள்.

போர்க் கோப்பைத் துண்டுகளாக்கி, ஒரே துண்டை இரண்டாம் முறை சேமிக்காது. அழகு, அது வெட்டும் இடத்தில் இருக்கிறது. சீடி தரத்தில் ஒரு மணி நேர வேவ் பதிவு சுமார் 635 எம்பி. அதன் தொடக்கத்தில் 10 விநாடி இருமலை நீக்குகிறீர்கள். சரியாக 2 எம்பிக்கு ஒருமுறை வெட்டியிருந்தால் எல்லா எல்லைகளும் நகர்ந்து, முழுப் பதிவையும் திரும்பச் சேமிக்க நேரும்.

போர்க் அளவு பார்த்து வெட்டுவதில்லை. 4095 பைட் அகலமான ஒரு சாளரம் கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்கிறது. உள்ளே தெரிவதிலிருந்து ஓர் எண் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடத் தேவையில்லை. வெளியேறிய பைட்டின் பங்கை நீக்கி, புதியதன் பங்கைச் சேர்த்தால் போதும். அந்த எண்ணின் கடைசி 21 பிட்களும் பூச்சியமானால் அங்கே வெட்டு! ஏறத்தாழ 21 இலட்சம் இடங்களுக்கு ஒன்றில்தான் அப்படி அமையும் என்பதால், துண்டுகள் சராசரியாக 2 எம்பியை ஒட்டி வருகின்றன. கட்டுரையொன்றை 100 எழுத்துக்கு ஒருமுறை வெட்டாமல் முற்றுப்புள்ளிகளில் வெட்டுவது போன்றது இது. முதல் வரியில் ஒரு சொல் போனாலும் அடுத்த வாக்கியங்கள் அப்படியே இருக்கும். மீதி ஒலியைத் தொடாதவரை, உங்கள் பதிவிலும் முதல் ஓரிரு துண்டுகள்தான் புதியவை. எம்பி3 ஆக மாற்றினால் பைட்டுகளே வேறாகிவிடும், இந்த லாபம் கிடைக்காது.

1981இல் யாழ் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பவே இல்லை. ஆவணப்படுத்தலுக்குப் பணம் தருபவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டாவது டிஸ்க்குக்கும் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சரி, நீங்கள் இரண்டு டிஸ்க் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் போர்க்கின் குறியாக்கத்தைப் பயன்படுத்தினால் சாவியைக் கடதாசியில் அச்சிட்டு, கடவுச்சொல்லையும் தனியாக எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவதொரு பதிவை மீட்டெடுத்து, கடைசிவரை கேட்டுப் பாருங்கள்.